குளோரின், கறுப்புக் கொடி, காற்றுப் பம்பு: அமெரிக்கப் படையில் சூழல் சுகாதார அதிகாரியின் வேலை

அமெரிக்கப் படைகளில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுக்கும் உடல் பாதிப்புகளில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது குண்டுக் காயம் அல்ல. காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சல். எதிரி கொடுத்ததல்ல அது. சொந்த முகாமின் ஜெனரேட்டரும், சொந்த விமானத்தின் எஞ்சினும், கையில் பிடித்த துப்பாக்கியும் கொடுத்தது. முகாமே அதில் இருப்பவர்களுக்கு நோய் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்று அங்கே தனியாக ஓர் அதிகாரி உண்டு. தமிழில் இந்த வேலையைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

தரைப்படையில் இந்தப் பதவியின் குறியீடு 72டி, அதாவது சூழல் அறிவியல், பொறியியல் அதிகாரி. விமானப்படையில் 43இ; அங்கே பயோஎன்விரான்மென்டல் இன்ஜினியர் என்பார்கள். கடற்படையில் வேலை இரண்டாகப் பிரிந்து, இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் அதிகாரி, என்விரான்மென்டல் ஹெல்த் அதிகாரி என்று இரண்டு பதவிகளாக இருக்கிறது. எல்லோருமே மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், ஆனால் டாக்டர்கள் அல்ல. ஏணியிலிருந்து விழுவது, ஃபோர்க்லிஃப்ட் மோதுவது மாதிரியான விபத்துகளைப் பார்ப்பது பாதுகாப்பு அலுவலகம். மெதுவாகக் கொல்லும் தூசு, இரைச்சல், வெப்பம், கதிர்வீச்சு, தண்ணீர் எல்லாம் இவர்கள் பொறுப்பு. சின்னத் தளங்களில் இரண்டும் ஒரே மேஜைக்கு வந்து சேர்வதும் உண்டு.

அதிகாரம் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் வந்தது. 1980-இல் ஜனாதிபதி கார்ட்டர் போட்ட 12196-ஆம் நிர்வாக ஆணை, அரசின் சிவில் ஊழியர்களுக்கும் அந்தத் தரத்திலான பாதுகாப்பு வேண்டும் என்றது. சீருடை அணிந்தவர்களையும், ராணுவத்துக்கே உரிய கருவிகளையும் நடவடிக்கைகளையும் விலக்கி வைத்தது. ஆகவே ஒரே ஹேங்கரில் பக்கத்துப் பக்கத்தில் வெல்டிங் செய்யும் சிவில் ஊழியருக்கும் சிப்பாய்க்கும் சட்டப் பாதுகாப்பு வேறு வேறு. பாதுகாப்புத் துறை தன் சொந்த விதிகளால்தான் அந்த இடைவெளியை அடைக்கிறது. அந்த விதிகளின்படி இந்த அதிகாரி அளக்கலாம், ஆபத்தைத் தரம் பிரிக்கலாம், தளபதியிடம் எழுத்தில் கொடுக்கலாம். வேலையை நிறுத்துவதா, ஆபத்தைத் தெரிந்தே ஏற்பதா என்று முடிவெடுப்பவர் தளபதி. அதனால் இந்த வேலையில் கையெழுத்தோடு கூடிய ஓர் அளவீட்டுத் தாளுக்கு இருக்கும் பலம் வேறு எதற்கும் இல்லை. எங்கே அளந்தோம், எப்போது, யார் மூச்சுவிட்ட காற்று என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அவை இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

தண்ணீர்

புதிதாக வரும் லெப்டினன்ட் முதலில் கற்றுக்கொள்வது குளோரின். களத்தில் படைப்பிரிவுகள் இழுத்துச் செல்லும் தண்ணீர் டிரெய்லரின் கொள்ளளவு 400 காலன், சுமார் 1,514 லிட்டர். ஆற்று நீரை ரிவர்ஸ் ஆஸ்மாஸிஸ் இயந்திரத்தில் சுத்திகரித்து நிரப்பினாலும், வழியில் கெடாமல் காக்க அதில் குளோரின் மிச்சம் இருந்தாக வேண்டும். போடுவது கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள், சுமார் 70 சதவீத வீரியம் உள்ளது.

கணக்கு எளிது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் கொடுக்க வேண்டுமானால் 1,514 × 5, அதாவது ஏறக்குறைய 7.6 கிராம். தூளில் 70 சதவீதம்தான் குளோரின் என்பதால் 0.7-ஆல் வகுத்தால் 10.8 கிராம் தூள். அதை நேராகத் தொட்டிக்குள் கொட்டக் கூடாது. ஒரு பாத்திரத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலைத் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, எல்லாக் குழாய்களையும் ஒரு நிமிடம் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் குளோரின் படாமலே கிடக்கும். 30 நிமிடம் காத்திருந்து அளந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது தனிக் குளோரின் மிஞ்ச வேண்டும். மீதி 3 மில்லிகிராமைத் தண்ணீரில் இருக்கும் அழுக்கு தின்றிருக்கும். தூளைத் தண்ணீரில் போட வேண்டுமே தவிர, தண்ணீரைத் தூளின் மேல் ஊற்றக் கூடாது. எரிபொருள், கிரீஸ், பிரேக் ஆயில் இருக்கும் இடத்தில் அந்த டப்பாவை வைக்கவே கூடாது, தானாகப் பற்றிக்கொள்ளும். வண்டிப் பட்டறை ஓரமாகவே டப்பாவைக் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் முகாம்களில் இருப்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தவறு நடப்பது பெரும்பாலும் சோதனையில். குளோரினைக் காட்டும் டிபிடி மாத்திரையைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும்; நிறம் அடர்ந்தால் குளோரின் அதிகம். ஆனால் யாராவது கை தாராளமாகத் தூளைக் கொட்டியிருந்தால், அந்த மிதமிஞ்சிய குளோரின் சாயத்தையே வெளுத்துவிடும். ஒரு நொடி சிவந்துவிட்டுத் தண்ணீர் தெளிந்துவிடும். பார்ப்பவர் குளோரினே இல்லை என்று முடிவு கட்டி இன்னும் தூள் போடுவார். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு மாதிரியை ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலந்து மறுபடி பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். இன்னொன்று கார அமிலத் தன்மை. பிஎச் 8.5 உள்ள தண்ணீரில் கிருமியை விரைவாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் மொத்தக் குளோரினில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மீட்டர் 2 என்று காட்டினாலும் அந்த 2 செய்யும் வேலை குறைவு. அப்போது காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

பாக்டீரியா சோதனைக்கு 100 மில்லிலிட்டர் பிடிக்கும் பாட்டிலுக்குள் சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் இருக்கும். அது அழுக்கு என்று நினைத்துக் கழுவி ஊற்றிவிட்டுத் தண்ணீர் பிடிப்பவர்கள் உண்டு. குளோரினைச் செயலிழக்க வைப்பதற்காகத்தான் அது இருக்கிறது. அது இல்லாவிட்டால் லேபுக்குப் போகும் வழியெல்லாம் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டிருக்கும். முடிவு சுத்தம் என்று வரும், குழாயில் வருவது சுத்தமாக இருக்காது.

இவையெல்லாம் கிருமிகளுக்கான சோதனைகள். தேடாத பொருளைச் சோதனை காட்டாது என்பதற்கு வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் மரீன் படைத் தளத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1953 ஆகஸ்ட் முதல் 1987 டிசம்பர் வரை அங்கே குடும்பங்கள் குடித்த தண்ணீரில் கரைப்பான்கள் கலந்திருந்தன. டராவா டெரஸ் குடியிருப்புக்குத் தண்ணீர் தந்த கிணறுகளில், பக்கத்து உலர்சலவைக் கடையிலிருந்து இறங்கிய பெர்குளோரோஎத்திலீன். ஹேட்னாட் பாயிண்ட் பகுதியில் டிரைகுளோரோஎத்திலீனும், நிலத்தடித் தொட்டிகளில் இருந்து கசிந்த பென்சீனும். 1982-இல் ஹேட்னாட் பாயிண்டில் எடுத்த ஒரு மாதிரியில் டிரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம். பிற்பாடு வந்த கூட்டாட்சி வரம்பு 5. இதில் மனதை அறுப்பது, 1980-81-லேயே வேறு ஒரு சோதனைக்காக அந்தத் தண்ணீரைப் பார்த்த லேப்காரர்கள் இதில் கரைப்பான் கலந்திருக்கிறது என்று முடிவுத் தாளிலேயே குறித்து அனுப்பியதுதான். தாள் போய்ச் சேர்ந்தது. கிணறுகளை மூடத் தொடங்கியது 1984-இன் கடைசியில். ஓர் அதிகாரி தன் மேஜைக்கு வரும் லேப் தாளின் கீழே கையால் எழுதியிருக்கும் குறிப்பை முதலில் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஹவாயின் ரெட் ஹில் எரிபொருள் கசிவு கிட்டத்தட்ட நேற்று நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலைக்குள் குடைந்து கட்டிய 20 எரிபொருள் தொட்டிகள், ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம்; ஓஅஹு தீவின் முக்கிய நிலத்தடி நீருக்கு 100 அடிதான் மேலே. 2021 மே மாதத்தில் கசிந்த எரிபொருளில் பெரும்பகுதி தீயணைப்புக் குழாய் ஒன்றுக்குள் போய்த் தங்கியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நவம்பர் 20 அன்று ஒரு வண்டி அந்தக் குழாயில் மோதியது, உள்ளே இருந்த எரிபொருள் குடிநீருக்குள் போனது. அந்த மாதக் கடைசியில், தளத்துக் குடியிருப்புகளில் குழாயைத் திறந்தால் பெட்ரோல் வாடை. அந்த விநியோகத்தை நம்பி இருந்தவர்கள் சுமார் 93,000 பேர். வாடை அடிக்கிறது என்று ஒரு தாய் போன் செய்தால், அதுவே முதல் அளவீடு. லேப் முடிவு வருவதற்கு முன்பே மாற்றுத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி எழுத வேண்டிய இடம் அது.

வெப்பம்

பயிற்சித் தளங்களில் கொடிக்கம்பத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று ஒரு கொடி பறக்கும். அன்றைக்கு எவ்வளவு நேரம் ஓட வைக்கலாம் என்பதை அந்தக் கொடிதான் தீர்மானிக்கும். அதன் பின்னால் இருப்பது டபிள்யூபிஜிடி என்ற வெப்பக் குறியீடு. தென் கரோலினாவின் பாரிஸ் தீவுப் பயிற்சித் தளத்தில் வெயிலில் சுருண்டு விழுந்த இளைஞர்களைக் காப்பாற்ற யாக்லோவும் மினார்டும் 1950-களில் உருவாக்கியது. இன்று உலகமெங்கும் விளையாட்டுத் திடல்களிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படுகிறது.

வெளியிடத்துக்கான சூத்திரம்: ஈரத் திரி வெப்பமானி காட்டுவதில் 0.7 பங்கு, கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 0.2 பங்கு, சாதாரண வெப்பமானி காட்டுவதில் 0.1 பங்கு. ஈரத் திரி 27 டிகிரி, கோளம் 45, காற்று 34 என்றால், 18.9 + 9 + 3.4 = 31.3 டிகிரி செல்சியஸ். சிவப்புக் கொடி 31.1-இல் தொடங்குகிறது, கறுப்பு 32.2-இல். ஆக இது சிவப்பு. இப்போது அதே கருவியை ஒரு மரத்தடியில் வைத்துப் பாருங்கள். கோளம் 45-க்குப் பதில் 34 காட்டும், மொத்தம் 29.1. மஞ்சள்கூட இல்லை, பச்சை. கருவி பழுதாகவில்லை, பொய்யும் சொல்லவில்லை. வெயிலில் ஓடும் பையனின் வெப்பத்தை அது அளக்கவில்லை, அவ்வளவுதான். கருவியை அலுவலகப் புல்வெளியில் வைத்துவிட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தார் மைதானத்துக்கும் அதே கொடியை ஏற்றுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும், ஆளையே கொல்லக்கூடிய தவறு. கருவி பயிற்சி நடக்கும் தரையின் மேலேயே, முழு வெயிலில், மார்பு உயரத்தில் நிற்க வேண்டும். பழைய ஆறங்குலக் கோளமென்றால் நிலைபெற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். வைத்த உடனே படித்துவிட்டுப் போகக் கூடாது. திரி காய்ந்தாலோ அழுக்கேறினாலோ எண் தவறாக ஏறும். அது ஆளைக் கொல்லாதுதான். ஆனால் இரண்டு முறை பொய்யாகக் கறுப்புக் கொடி ஏறினால் மூன்றாம் முறை பயிற்சி சார்ஜென்ட் கொடியை மதிக்க மாட்டார். காய்ச்சி வடித்த நீரும் சுத்தமான திரியும் அதற்காகத்தான்.

எண் கிடைத்த பிறகும் திருத்தங்கள் இருக்கின்றன. ஈரப்பதம் உள்ள ஊரில் உடற்கவசம் போட்டிருந்தால் குறியீட்டோடு 5 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 2.8 செல்சியஸ்) கூட்ட வேண்டும். ரசாயனத் தாக்குதல் உடுப்பை முழுதாகப் போட்டுக் கடினமாக உழைத்தால் 20 ஃபாரன்ஹீட் (சுமார் 11 செல்சியஸ்). தண்ணீருக்கும் உச்சவரம்பு உண்டு: மணிக்கு ஒன்றரை குவார்ட், அதாவது சுமார் 1.4 லிட்டர்; நாளைக்கு 12 குவார்ட். முன்பெல்லாம் குடி, குடி, இன்னும் குடி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கிச் செத்தவர்கள் இருந்ததால், 1990-களின் கடைசியில் அந்த வழிகாட்டலைத் திருத்தினார்கள். தலைசுற்றி வாந்தியெடுப்பவனுக்கு வெயில் தாக்கமா, தண்ணீர் மிகுதியா என்று பார்க்காமல் மேலும் தண்ணீரைப் புகட்டுவது ஆபத்து. எவ்வளவு குடித்தான், சாப்பிட்டானா, எத்தனை முறை வாந்தி என்று முதலில் கேட்க வேண்டும்.

காற்றுப் பம்பு

இந்த வேலையின் இதயம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். விமானத்தின் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் ப்ரைமர் என்ற அடிப்பூச்சில் குரோமேட் இருக்கும். பழைய பெயிண்டைச் சாண்டர் வைத்துத் தேய்க்கும்போது ஆறு இணைதிறன் குரோமியம் தூசாகப் பறக்கும். நுரையீரல் புற்றுநோய் தருவது. காற்றில் 8 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம்; 2.5-ஐத் தொட்டாலே தொடர் கண்காணிப்பு வேண்டும்.

அளப்பது எப்படி? தீப்பெட்டிக் கட்டு அளவுள்ள ஒரு பம்பைத் தொழிலாளியின் இடுப்பு பெல்ட்டில் மாட்டி, அதிலிருந்து ஒரு ட்யூபைத் தோள் வழியாகக் கொண்டுவந்து, 37 மில்லிமீட்டர் ஃபில்டர் கேசட்டைக் காலரில் குத்த வேண்டும். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஓட்டம் நிமிடத்துக்கு 2 லிட்டர். ஆரம்பிக்கும் முன்னும் முடிந்த பின்னும் அதே ஃபில்டரை மாட்டியே காலிபிரேட்டரில் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மாதிரியை நம்ப முடியாது. 480 நிமிடம் ஓடினால் 960 லிட்டர், அதாவது 0.96 கன மீட்டர் காற்று. லேப் அந்த ஃபில்டரில் 6 மைக்ரோகிராம் குரோமியம் இருக்கிறது என்றால் 6 ÷ 0.96 = 6.25. வரம்பைத் தாண்டியாயிற்று.

தவறு நடக்கும் வழிகள் பல. கேசட் மேல்சட்டைக்குள் திரும்பியிருக்கும். ட்யூப் மடங்கி, பம்பு உறிஞ்சவே உறிஞ்சாமல் உறுமிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பம்பைக் கழற்றி, தூசு படிந்த மேஜையில் கேசட்டை முகங்குப்புற வைத்துவிட்டுப் போவார்கள். பம்பு மாட்டியிருக்கிறதே என்று அன்றைக்கு மட்டும் ஆள் மிகக் கவனமாக வேலை செய்வார், அல்லது மேற்பார்வையாளர் அன்றைக்கு எளிய வேலையைக் கொடுப்பார். இதற்கெல்லாம் ஒரே மருந்து, பம்பை மாட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போகாமல் அங்கேயே நிற்பது. எந்த மணிக்கு எந்தப் பாகத்தைத் தேய்த்தார், ஈரமாகவா உலர்ந்தா, உறிஞ்சும் ஹோஸ் மாட்டியிருந்ததா, எந்த மாஸ்க் என்று நிமிடக் கணக்கோடு எழுதுவது. அந்தக் குறிப்பு இல்லாமல் 6.25 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. அது இருந்தால், தூசின் பெரும்பகுதி தேய்க்கும்போது வந்ததா, முடிந்ததும் கம்ப்ரஸ்டு ஏர் வைத்து உடுப்பை ஊதிக்கொண்டபோது வந்ததா என்று தெரியும். பின்னதுதான் என்றால் புதுக் காற்றோட்ட அமைப்புக்கு லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டாம், அந்த ஹோஸை எடுத்துவிட்டு, நுண்தூசையும் பிடிக்கும் ஹெப்பா வாக்குவம் வைத்தால் போதும்.

ஒருவரை ஒருநாள் அளந்து முடிவு கட்டுவதும் தவறு. ஒரே மாதிரி வேலை செய்பவர்களை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு 6 முதல் 10 மாதிரிகள் எடுத்த பிறகே அந்தக் குழுவின் நிலை ஓரளவு பிடிபடும். சராசரியை மட்டும் பார்க்கக் கூடாது. மோசமான நாள் எவ்வளவு மோசம் என்பதுதான் கேள்வி.

உட்புறத் துப்பாக்கிச் சுடுதளங்களிலும் இதே பம்புதான், தேடுவது ஈயம். தோட்டாவைப் பற்றவைக்கும் ப்ரைமர் மருந்திலேயே ஈயம் இருக்கிறது. சுடுபவரின் முதுகிலிருந்து இலக்கை நோக்கிக் காற்று நொடிக்கு சுமார் 0.38 மீட்டர் வேகத்தில், சுழலாமல், சீராக நகர வேண்டும். புகைக் குழலைப் பிடித்துப் பார்த்தால் பல இடங்களில் காற்று சுடுபவரின் உடம்பில் மோதிச் சுழன்று முகத்துக்கே திரும்பி வருவது தெரியும். தரையைத் துடைப்பத்தால் பெருக்குவது அறவே கூடாது. அங்கே போட்ட பூட்ஸோடு வீட்டுக்குப் போனால், தவழும் குழந்தையின் கைக்கு ஈயம் போகும்.

விமான எரிபொருள் தொட்டிக்குள் ஆள் இறங்குவது வேறு வகை ஆபத்து, நிமிடங்களில் முடிந்துவிடுவது. மீட்டரில் முதலில் ஆக்சிஜன் (19.5 முதல் 23.5 சதவீதம் வரை), பிறகு எரியும் வாயு (வெடிக்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ்), கடைசியில் நச்சு வாயு. இந்த வரிசை சம்பிரதாயம் அல்ல. எரியும் வாயுவைக் காட்டும் சென்சார், அந்த வாயுவைத் தனக்குள் கொஞ்சம் எரித்துப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்கிறது. ஆக்சிஜன் குறைந்த தொட்டியில் அது எரியாது. பூஜ்யத்துக்குப் பக்கமாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

காது

85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது பாதுகாப்புத் துறை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு 15 நிமிடம். வெளியே தொழிற்சாலைகளுக்கான சட்டம் 90-இல் தொடங்கி 5 டெசிபலுக்கு ஒருமுறைதான் பாதியாக்குகிறது; அதன்படி 100 டெசிபலில் 2 மணி நேரம் நிற்கலாம். இந்த ஒரு விஷயத்தில் ராணுவம் நாட்டுச் சட்டத்தைவிடக் கறாராக இருப்பது நியாயம்தான். ரைஃபிள் வெடிப்போ உச்சத்தில் 150 டெசிபலையும் தாண்டுகிறது. திடீர் ஒலிக்கான வரம்பு 140.

காதடைப்பான் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பிரச்சினை. நுரை அடைப்பானை நன்றாக உருட்டி மெல்லிதாக்கி, எதிர்க் கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகச் சொருகாவிட்டால் பெட்டியில் அச்சிட்ட எண்ணில் பாதிகூடக் கிடைக்காது. அடைப்பானே சரியில்லாமலும் போகலாம். இருமுனை காதடைப்பான் ஒன்றின் தண்டு குட்டையாக இருந்ததால் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் தொடுத்த வழக்குகளில், 3எம் நிறுவனம் 2023-இல் 601 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு காதுக்கும் கருவி வைத்துப் பொருத்தம் பார்க்கும் சோதனை இப்போது பரவிவருகிறது. தாமதமாக வந்த நல்ல விஷயம்.

போர்க்களத்தில்

வெளிநாட்டில் புது முகாம் போடும்போது இந்த அதிகாரியின் குழு முன்னதாகவே போய் மண், தண்ணீர், காற்று மூன்றையும் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. 2001-இல் உஸ்பெகிஸ்தானின் கார்ஷி-கானாபாத் தளத்துக்குப் போனவர்கள், எரிபொருள் ஊறிய மண்ணும் ஆஸ்பெஸ்டாஸும் கிடக்கும் பழைய சோவியத் விமானத் தளத்தில் கூடாரம் போட்டார்கள். 2003-இல் தென் ஈராக்கின் கர்மத் அலி நீர் நிலையத்தைக் காவல் காத்த நேஷனல் கார்டு சிப்பாய்களின் காலடியில் ஆரஞ்சு நிறத் தூள் சிந்திக் கிடந்தது. குழாய் துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் சோடியம் டைகுரோமேட் அது. ஹேங்கரில் 5 மைக்ரோகிராமுக்குப் பம்பு மாட்டித் தேடுகிறோமே, அதே ஆறு இணைதிறன் குரோமியம். அந்த மண் என்ன நிறம் என்று ஒருவர் உரக்கக் கேட்டிருந்தால் போதும்.

ஈராக்கின் பலாட் தளத்தில் சுமார் 10 ஏக்கர் குழியில் பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு உட்பட எல்லாவற்றையும் விமான எரிபொருள் ஊற்றி எரித்தார்கள். காற்று மாதிரிகள் எடுக்கவே இல்லை என்பது சரியல்ல, எடுத்தார்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் உறிஞ்சும் கருவியை 24 மணி நேரம் ஓட்டித் தூசை எடை போட்டார்கள். ஆனால் மணல் புயலில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், வெயிலில் பேட்டரி சாகும். எல்லாம் சரியாக நடந்தாலும் அந்த எண் ஓர் இடத்தின் எண். ஒரு மனிதனின் எண் அல்ல. குழிக்குக் காற்று வாட்டத்தில் இருந்த கூடாரத்தில் யார் தூங்கினார், எத்தனை மாதம் என்பது அதில் கிடையாது. 2011-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆலோசனை அமைப்பு அந்தத் தரவுகளை ஆராய்ந்து, நீண்டகாலப் பாதிப்பு பற்றி உறுதியாகச் சொல்லத் தரவு போதாது என்றது. அதே ஆண்டு வேண்டர்பில்ட் பல்கலைக்கழக டாக்டர்கள், ஃபோர்ட் கேம்ப்பெல் தளத்துச் சிப்பாய்கள் பலரின் நுரையீரல் திசுவை அறுத்தெடுத்துப் பார்த்து, நுண் சுவாசக் குழாய்கள் சுருங்கியிருப்பதை வெளியிட்டார்கள். அவர்களில் பலர் 2003-இல் மோசுல் பக்கம் அல்-மிஷ்ராக் கந்தகக் கிடங்கு வாரக்கணக்கில் எரிந்தபோது அங்கே இருந்தவர்கள். எக்ஸ்ரேயும் சாதாரண மூச்சுச் சோதனையும் பெரும்பாலும் ஒன்றும் காட்டவில்லை. மூச்சு வாங்குகிறது என்று சொன்னவர்களை நம்புவதற்கு ஒரு தாள்கூட இல்லை.

நோய் பணியால்தான் வந்தது என்று நிரூபிக்கும் சுமையைக் கடைசியில் சட்டம்தான் மாற்றியது. 2022 ஆகஸ்ட் 10-இல் கையெழுத்தான பாக்ட் சட்டம், குறிப்பிட்ட நாடுகளில் குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றியிருந்தால் இருபதுக்கும் மேற்பட்ட நோய்களைப் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னது. லெஜூன் குடும்பங்கள் வழக்குப் போட வழி திறந்ததும் அதே சட்டம். அளவீட்டுத் தாள் இல்லாத குறையை நாடாளுமன்றம் வந்து நிரப்ப வேண்டியிருந்தது என்பதுதான் இதன் பொருள். இப்போது தளத்து அளவீடுகள் ஒரே தரவுத்தளத்துக்குப் போகின்றன. யார் எப்போது எங்கே இருந்தார் என்ற பதிவோடு அவற்றை இணைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆயுட்காலப் பதிவு உருவாக்குகிறார்கள். அதில் உங்கள் அளவீடு சேர வேண்டுமானால், மாதிரி எடுத்த இடத்தின் சரியான ஆயத்தொலைவும், அந்த வேலைக் குழுவின் பெயர்ப் பட்டியலும் அதே வாரத்தில் ஏற வேண்டும். ஆறு மாதம் கழித்துப் படைப்பிரிவு கலைந்த பிறகு பட்டியல் தேடினால் கிடைக்காது.

சேருவது

அதிகாரியாகச் சேர அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு உள்ளவர்கள் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. அங்கேயே பிறந்து வளர்ந்து பொறியியலோ வேதியியலோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. விமானப்படை அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டத்தை மிகவும் விரும்புகிறது. தொழிற்சுகாதாரம், கதிர்வீச்சு இயற்பியல் போன்றவற்றுக்கும் இடம் உண்டு. தரைப்படைக்காரர்களுக்கு அடிப்படைப் பயிற்சி சான் அன்டோனியோவின் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில். விமானப்படைக்காரர்களுக்குத் தொழில் பயிற்சி ஒஹாயோவின் ரைட்-பேட்டர்சன் தளத்தில். சிப்பாய் நிலையில் இதே துறைக்குத் தரைப்படையில் 68எஸ், விமானப்படையில் 4பி என்று குறியீடு. புது லெப்டினன்டுக்குப் பம்பு மாட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் அநேகமாக இவர்கள்தான், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சீக்கிரமே, தொழிற்சுகாதார நிபுணர்களுக்கான சிஐஎச் சான்றிதழுக்குத் தயாராக வேண்டும். பட்டத்தோடு நான்கு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், அப்புறம் தேர்வு. அனுபவக் கணக்கில் காட்ட ஒவ்வொரு ஆய்வையும் முதல் நாளிலிருந்தே பதிந்து வைக்க வேண்டும். சீருடையைக் கழற்றிய பிறகு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனாலும் சிப் தொழிற்சாலைக்குப் போனாலும் கேட்கப்போவது அந்தச் சான்றிதழைத்தான்.

இப்போது சேர்பவர்களுக்குக் காத்திருக்கும் புதிய வேலை வெடிப்பழுத்தம். தோளில் வைத்துச் சுடும் கார்ல் குஸ்தாவ் பீரங்கி, கனரக ஸ்னைப்பர் துப்பாக்கி, கதவைத் தகர்க்கும் வெடி இவையெல்லாம் சுடுபவரின் மூளைக்கே அழுத்த அலையை அனுப்புகின்றன. 2024 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை, சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தம் என்ற அளவைத் தாண்டும் இடங்களில் கட்டுப்பாடுகள் வேண்டும் என்று ஆணையிட்டது. மூளை 4-க்குக் கீழே பத்திரம் என்று நிரூபித்து வைத்த எண் அல்ல அது. இப்போதைக்கு வைத்த கோடு. சென்சாரைத் தலைக்கவசத்தில் வைத்தால் ஓர் எண், மார்பில் வைத்தால் வேறு எண். சுவர் பக்கத்தில் இருந்தால் அலை திரும்பி வந்து இரண்டும் கூடும். அதனால் எண்ணோடு, உடம்பில் எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்து நின்றார், பக்கத்தில் சுவர் எவ்வளவு தூரம் என்பதையும் எழுத வேண்டும். பட்டியலில் முதலில் எழுத வேண்டிய பெயர் சுட வந்த மாணவனுடையது அல்ல. அவன் அன்றைக்குச் சில குண்டுகள் சுட்டுவிட்டுப் போய்விடுவான். ஒவ்வொரு மாணவனின் தோளருகிலும் நாள் முழுக்க, வருடக்கணக்கில் நிற்கும் பயிற்சியாளரின் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும்.